வரக்காப்பி: தருமபுரியிலிருந்து ஓசூர் வரை ஐந்து நாள்

முதல் நாள், தருமபுரி

சென்னையிலிருந்து வந்த பஸ் விடியற்காலை நாலரை மணிக்கே இறக்கிவிட்டது. மார்கழிக் குளிர். பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரே ஒரு கடையில்தான் விளக்கு எரிந்தது. பாய்லரைச் சுற்றிப் பூக்கூடைக்காரர்கள், லாரி டிரைவர்கள், போர்வை போர்த்திய இரண்டு பாட்டிகள். எல்லார் கையிலும் ஒரே மாதிரி பேப்பர் கப். நானும் ஒரு காபி வாங்கிக்கொண்டேன். பால் தூக்கல், சர்க்கரை அதைவிடத் தூக்கல். அந்தக் குளிருக்கு அது அமிர்தமாகத்தான் இருந்தது.

இந்த ஐந்து நாளும் காபியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். தருமபுரிக்கும் காபிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இது கேழ்வரகும் புளியும் மாவும் விளைகிற பூமி. ஆனால் என் ஆயா, அப்பாவைப் பெற்றவள், பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, ஆள் சேர்க்கும் மேஸ்திரியோடு கர்நாடகத்துக் குடகு மலைக்குப் போய்க் காபிப் பழம் பறித்தவள். ஒன்பது வருடம், பறிப்புக் காலம் வந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்களாம். அவள் காபி குடித்து நான் பார்த்ததே இல்லை. காலையில் அவளுக்கு ராகிக் கூழ்தான்.

காபியின் வரலாறு என்று இதுவரை நான் படித்ததெல்லாம் குடித்தவர்களின் வரலாறு. இரவுத் தொழுகையில் தூக்கம் வராமலிருக்கக் குடித்த ஏமன் நாட்டு சூஃபிகள், 1511 இல் மெக்காவில் காபியைத் தடை செய்த கைர் பேக் என்ற அதிகாரி, 1550களில் இஸ்தான்புல்லில் திறந்த காபிக் கடைகள், அப்புறம் லண்டன், பாரிஸ். பறித்தவர்கள் என்ன குடித்தார்கள்? இந்தக் கேள்வியோடுதான் வந்திருக்கிறேன்.

மதியம் அதியமான்கோட்டை வரை போய்வந்தேன். அதியமான் என்றால் நமக்கு நெல்லிக்கனிதான் நினைவுக்கு வரும். எனக்கு இன்று கரும்பு நினைவுக்கு வந்தது. கிடைத்தற்கரிய கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றில் அவ்வையார் பாடியிருக்கிறார். ஒரு செடி ஊர்விட்டு ஊர் வருவதைப் பாட்டில் வைத்துப் போற்றும் அளவுக்குப் பெரிய செய்தியாக அன்று நினைத்திருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காட்டில் தானாக வளர்ந்த காபி, செங்கடல் தாண்டி ஏமனுக்கு வந்து, அங்கிருந்து 17 ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூஃபி பெரியவர் வழியாகச் சிக்கமகளூர் மலைக்கு ஏழு விதையாக வந்தது என்று சொல்வார்கள். இதுவும் அதே மாதிரிக் கதைதான்.

ஆனால் கரும்பும் காபியும் சேர்ந்து போன இடமெல்லாம் இப்படி இனிப்பாக இல்லை. 1780களின் முடிவில் உலகத்துக் காபியில் ஏறக்குறையப் பாதி, கரீபியக் கடலில் பிரான்சின் கையிலிருந்த சான் டொமிங் என்ற ஒரே காலனியிலிருந்து வந்தது. கரும்பும் அங்கேதான். ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் அந்தத் தோட்டங்களில் செத்துச் செத்து உழைத்தார்கள். 1789 ஜூலை 12 அன்று பாரிஸில் ஒரு காபிக் கடைக்கு வெளியே காமில் தெமூலேன் என்ற இளைஞர் மேசைமேல் ஏறி மக்களை ஆயுதம் எடுக்கச் சொன்னார். இரண்டு நாளில் பாஸ்டீல் சிறைக்கோட்டை விழுந்தது, பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. விடுதலை பேசிய அந்த நகரம் குடித்த காபி அடிமைகள் பறித்தது. அந்த அடிமைகளும் 1791 இல் கிளர்ந்தெழுந்தார்கள். 1804 இல் ஹைட்டி என்று தங்கள் நாட்டுக்குப் பெயர் வைத்தார்கள். முதல் புரட்சியைப் பள்ளியில் பத்துப் பக்கம் படித்தேன். இரண்டாவதைப் பற்றி ஒரு வரிகூட யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நாளை வத்தல்மலை.

இரண்டாம் நாள், வத்தல்மலை

இந்த மலைக்கு பஸ் வந்தே சில வருடங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன்னால் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவோம் என்றார் பக்கத்து சீட்டு அண்ணன். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வர, கீழே தருமபுரிச் சமவெளி புகைமூட்டத்துக்குள் தாழ்ந்துகொண்டே போனது.

மேலே வேறு உலகம். சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கின்றன. அவற்றில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. அடியில், நிழலில், காபிச் செடி. கிளையெங்கும் சிவப்பாகப் பழங்கள், முத்து கோத்ததுபோல. ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டால் மெல்லிய தித்திப்பு. உள்ளே முகத்தோடு முகம் ஒட்டியபடி இரண்டு கொட்டைகள்.

இங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். சாமையும் ராகியும்தான் இவர்களுடைய பழைய வெள்ளாமை. பக்கத்துச் சேர்வராயன் மலையில், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபி நட்டார். அங்கே வெள்ளைக்கார எஸ்டேட்டுகள் வந்தன. வத்தல்மலையில் இருப்பதோ சின்னச் சின்னக் காடுகள். குடும்பமே பறிக்கிறது, குடும்பமே காயவைக்கிறது.

பஸ்ஸில் வந்த அண்ணன் அவருடைய அம்மாவிடம் கூட்டிப்போனார். எழுபது வயதிருக்கும். நான் பெரியம்மா என்று கூப்பிட்டேன். அவர் என்னைக் கண்ணு என்றார். இடுப்பில் சாக்குப்பை கட்டிக்கொண்டு, கிளையை வளைத்து, பழுத்ததை மட்டும் விரல் நுனியால் திருகி எடுத்துக்கொண்டே பேசினார்.

"இது எஸ் 795 ரகம். அந்தப் பக்கம் இருக்கறது காவேரி."

"காவேரிங்கறது ஆத்துப் பேராச்சே பெரியம்மா?"

"ஆத்துப் பேருதான் கண்ணு. செடிக்கு வச்சிருக்காங்க."

ஒரு இலையைப் புரட்டிக் காட்டினார். அடியில் ஆரஞ்சு நிறத்தில் வட்டம் வட்டமாகத் தூள். தொட்டேன், பெருவிரலில் மஞ்சள் குங்குமம்போல ஒட்டிக்கொண்டது. "துரு. இது வந்தா இலை கொட்டிரும். காவேரி கொஞ்சம் தாங்கும்னுதான் குடுத்தாங்க. இப்ப அதுக்கும் வருது."

அந்தத் தூளை நான் உடனே துடைக்கவில்லை. என் விரலில் இருந்தது சாதாரண நோய் இல்லை. 1830களிலிருந்து இலங்கை மலைகளில் வெள்ளைக்காரர்கள் காடழித்துக் காபி போட்டார்கள். பறிக்க ஆள் தமிழ்நாட்டிலிருந்து போனது. கங்காணிகள் பஞ்சம் பிழைக்க வழிதேடிய குடும்பங்களைத் திரட்டி, தோணியில் மன்னார்க் கரை சேர்த்து, காட்டு வழியாகக் கண்டி மலைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். காலராவும் காய்ச்சலும் பட்டினியும் வழியிலேயே பலரைக் கொன்றன. 1869 இல் இந்தத் துரு அங்கே கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுக்குள் இலங்கைக் காபி ஏறக்குறைய ஒழிந்தே போனது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. மலையகத் தமிழர் என்றாலே நாம் தேயிலையை நினைக்கிறோம். அவர்களை முதலில் கடல் கடத்தியது காபி.

துருவைத் தாங்கும் செடியைத் தேடிய தேடல், கடைசியில் திமோர்த் தீவில் போய் நின்றது. காபியின் இரண்டு இனங்களான அரபிகாவும் ரொபஸ்டாவும் தாமாகவே கலந்து உண்டான ஒரு செடி 1920களில் அங்கே கிடைத்தது. அதன் வம்சத்தில் வந்ததுதான் காவேரி. எத்தியோப்பியாவின் அரபிகா, காங்கோவின் ரொபஸ்டா, திமோரின் தற்செயல், எல்லாம் சேர்ந்து வத்தல்மலையில் ஒரு கிழவியின் இடுப்புச் சாக்கில் விழுந்துகொண்டிருக்கிறது.

வெயில் ஏறியதும் வீட்டுக்குக் கூட்டிப்போனார். முற்றத்தில் பழம் காய்ந்துகொண்டிருந்தது. தோலோடு காயவைப்பது செர்ரி. தோல் உரித்துப் புளிக்கவைத்துக் கழுவி உலர்த்துவது பார்ச்மெண்ட். பார்ச்மெண்ட்டுக்கு விலை கூட. ஆனால் மெஷினும் தண்ணீரும் வேண்டும். இவர்களிடம் பெரும்பாலும் செர்ரிதான்.

"காப்பி குடிக்கிறயா கண்ணு?"

மண்சட்டியில் கொட்டையை வறுத்தார். முதலில் பச்சைப்புல் வாசம், அப்புறம் பொரி வாசம், அப்புறம் சடசடவென்று வெடித்ததும் வீடு முழுக்க அந்த வாசம். உரலில் இடித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, வெல்லம் தட்டிப்போட்டு, துணியில் வடிகட்டிக் கொடுத்தார். பால் இல்லாத வரக்காப்பி. கசப்பும் லேசான புளிப்பும் இருந்தன. அவற்றின் பின்னால் மெல்ல வெல்லம் வந்தது.

நல்ல கொட்டையா இது என்று கேட்டேன். என் ஐந்து நாள் கேள்விக்கு அவர் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டார்.

"நல்லதெல்லாம் மூட்டையில போயிருச்சு. இது மிதந்தது, குருவி கொத்துனது, கருத்தது. இதுதான் வூட்டுக்கு."

பழத்தைத் தண்ணீரில் கொட்டினால் கனமானது மூழ்கும், சொத்தை மிதக்கும். மிதப்பது வீட்டுக்கு.

ஏமனில் காபி விளைவிக்கிறவர்கள் கொட்டையை விற்றுவிட்டு, மிஞ்சும் தோலை இஞ்சி போட்டுக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் பல நூற்றாண்டாக இருக்கிறது. அதன் பெயர் கிஷ்ர். நம் சுக்குக் காப்பிக்கு அண்ணன் தம்பி மாதிரி. டச்சுக்காரர்கள் 1830 முதல் ஜாவாவில், கிராமத்து நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்கு வேண்டிய பயிருக்கு என்று சட்டம் வைத்தார்கள். நடைமுறையில் அதற்கும் மேலே பிடுங்கினார்கள். கொட்டை முழுவதும் கிடங்குக்குப் போன காலத்தில், சுமத்ரா மலைவாசிகள் காபி இலையை வாட்டிக் கஷாயமாகக் குடிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். ஏமனில் தோல், சுமத்ராவில் இலை, வத்தல்மலையில் மிதந்தது.

இதற்கு மாறான ஒரு நாடு உண்டு. காபி பிறந்த எத்தியோப்பியா தன் விளைச்சலில் பாதி அளவைத் தானே குடிக்கிறது. விருந்தாளி வந்தால் கண்ணெதிரே பச்சைக் கொட்டையை வறுத்து, அந்தப் புகையை முகரக் கொடுத்து, மூன்று சுற்று ஊற்றுவார்கள். பெரியம்மா எனக்குச் செய்தது ஏறக்குறைய அதுதான். எத்தியோப்பியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

புறப்படும்போது அண்ணன் விலையைப் பற்றிச் சொன்னார். "புளிக்கு மண்டியில நின்னு பேசலாங்க. காப்பிக்குப் பேச முடியாது. எங்கிருந்தோ வருது விலை."

எங்கிருந்து என்று நான் சொன்னேன். அரபிகாவுக்கு நியூயார்க் சந்தை, ரொபஸ்டாவுக்கு லண்டன் சந்தை. 1975 ஜூலையில் பிரேசிலின் பரானாவில் ஒரே இரவில் விழுந்த உறைபனி, இரண்டு வருடத்துக்கு உலகமெங்கும் விலையை ஏற்றியது. 1962 இல் நாடுகள் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆளுக்கு இவ்வளவுதான் ஏற்றுமதி என்று வைத்து விலையைத் தாங்கிப் பிடித்தது. 1989 ஜூலையில் அந்தப் பங்கீடு உடைந்தது, விலை குப்புற விழுந்தது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரு பவுண்டு, அதாவது அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 4 டாலரைத் தாண்டியது. அண்ணன் கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த விலை இந்த மலை ஏறி வரதுக்குள்ள மூச்சு வாங்கிருதுங்க" என்றார்.

அவர்களிடமே அரைக்கிலோ பச்சைக் கொட்டை வாங்கினேன். மிதந்தது வேண்டாம், மூட்டைக்குப் போகிற நல்லதையே எடு என்று பெரியம்மா மகனை அதட்டினார்.

மூன்றாம் நாள், ஒகேனக்கல்

காலையில் அப்பா போன் செய்தார். முதல் நாள் எழுதியதைப் படித்திருக்கிறார். "ஆயா காப்பி குடிச்சதில்லன்னு எழுதாத. குடிச்சா. நீ பொறக்கறதுக்கு முன்னால."

பறிப்பு முடிந்து திரும்பும் கடைசி நாளில், செடிக்கடியில் உதிர்ந்து கருத்த பழத்தைப் பொறுக்கி முந்தானை முடிச்சில் கொண்டுவருவாளாம். கேட்டில் மேஸ்திரி மூட்டையைப் பிரித்துப் பார்ப்பானாம். முடிச்சைப் பார்க்கமாட்டானாம். ஊருக்கு வந்து கூரைமேல் காயவைத்து, சட்டியில் வறுத்து, இடித்து, வெல்லம் போட்டுக் குடிப்பார்கள். பத்து நாள் வரும். அப்புறம் அடுத்த வருடம்தான். "எங்கம்மா வறுத்தா தெருவே மணக்கும்" என்றார். அப்பா தன் அம்மாவைப் பற்றி இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

ஒகேனக்கல்லுக்கு மனசு கனத்தேதான் போனேன். பரிசல்காரர் பாறைகளுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டினார். இருபுறமும் கருங்கல் சுவர், மேலே சாரல். மீன் வறுக்கும் வாசனை ஆற்றின் நடுவில்கூட வருகிறது.

இந்தத் தண்ணீர் தலைக்காவேரியில் பிறந்து, குடகின் காபிக் காடுகளுக்கு ஊடே இறங்கி, கிருஷ்ணராஜ சாகர் அணை, ஸ்ரீரங்கப்பட்டணம், சிவசமுத்திரம், மேகதாது என்று கடந்து இங்கே வந்து விழுகிறது. ஆயா பறித்த செடிகளுக்குப் பெய்த மழைதான் இங்கே ஓடுகிறது. மாசி பங்குனியில் ஒரு மழை பெய்தால் குடகே மல்லிகை பூத்தமாதிரி வெள்ளையாகிவிடும், சில நாளில் பூ உதிர்ந்துவிடும் என்று ஆயா சொல்வாளாம். எஸ்டேட்காரர்கள் அதைப் பூ மழை என்பார்கள்.

இங்கிருந்து தண்ணீர் குழாயிலும் போகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் வலி என்று எங்கள் ஊரில் ஒரு தலைமுறையே அவதிப்பட்டது. 2013 இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் வீட்டு வாசலில் காவிரி வந்தது. முதல் நாள் பேப்பர் கப்பில் குடித்த காபியிலும் குடகு மழை கலந்திருக்கும்.

பரிசலிலிருந்து கைநீட்டித் தண்ணீரைத் தொட்டேன். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நான்காம் நாள், கிருஷ்ணகிரி

இன்று கொஞ்சம்தான். நாள் முழுக்க மழைத்தூறல், அணைக்குப் போக முடியவில்லை.

நெடுஞ்சாலையோரம் கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை போட்ட கடையில் உட்கார்ந்தேன். பித்தளை டவரா, நுரை, சிக்கரி கலந்த திக்கான டிகாக்ஷன். சிக்கரி ஒரு வேர். பிரிட்டனோடு வாணிகம் கூடாது என்று 1806 இல் நெப்போலியன் போட்ட தடையால் காபி கிடைக்காமல் தவித்த ஐரோப்பா, இந்த வேரை வறுத்துக் குடித்துச் சமாளித்தது. பஞ்சத்துக்கு வந்தது நம் நாக்கில் ருசியாகத் தங்கிவிட்டது. எனக்கும் சிக்கரி இல்லாத காபி ஏதோ குறைந்ததுபோலத்தான் இருக்கும். நேற்று முன்தினம் குடித்த வரக்காப்பிக்கு அப்புறம் அந்த எண்ணம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது.

ஐந்தாம் நாள், ஓசூர்

காலையில் தொரப்பள்ளி போனேன். 1878 இல் ராஜாஜி பிறந்த வீடு, நினைவில்லமாக இருக்கிறது. அமைதியான சின்ன வீடு. 1937 அக்டோபர் 1 அன்று அவர் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டம்தான். கள்ளுக்கடைகள் மூடியபின், வேலை முடிந்து நாலு பேர் உட்கார்ந்து பேச காபிக் கடையும் டீக்கடையும்தானே இருந்திருக்கும்.

லண்டனிலும் அப்படி ஒரு மாற்றம் நடந்தது. 1652 இல் பாஸ்குவா ரோசே என்பவர் முதல் காபிக் கடை போட்டார். ஒரு பென்னி கொடுத்தால் யாரும் உட்காரலாம், பேசலாம். அந்தப் பேச்சுக்குப் பயந்து இரண்டாம் சார்லஸ் மன்னன் 1675 டிசம்பரில் எல்லாக் காபிக் கடைகளையும் மூடச் சொன்னான். எதிர்ப்பு கிளம்பியதும், ஆணை நடப்புக்கு வரும் முன்பே அதைத் திரும்பப் பெற்றான். எட்வர்ட் லாயிட் என்பவர் நடத்திய கடையில் கப்பல்காரர்கள் கூடிக் கூடி, உலகின் பெரிய காப்பீட்டுச் சந்தை ஒன்றே பிறந்தது. அடிமைக் கப்பல்களுக்கும் காப்பீடு அங்கேதான் எழுதப்பட்டது. 2020 இல் லாயிட்ஸ் அதற்காக மன்னிப்புக் கேட்டது. யாரும் வரலாம் என்ற அந்தக் கடைகளில் பெண்கள் உட்கார்ந்து பேச இடமிருக்கவில்லை.

நம் ஊரில் யாருக்கு இடமிருக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பிராமணாள் காபி கிளப் என்று பலகை தொங்கிய காலம் நெடுங்காலம். 1957 இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு உணவகத்தின் முன்னால் பெரியார் அந்தச் சொல்லை அழிக்கச் சொல்லிப் போராட்டம் தொடங்கினார். மாதக்கணக்கில் தினமும் தொண்டர்கள் கைதாகிக்கொண்டே இருந்தார்கள். நகரத்தில் பலகை இறங்கியது. கிராமத்தில் பலகையே இருந்ததில்லை, அழிப்பதற்கு.

அப்பா வெளியில் எங்கே போனாலும் பிளாஸ்க் எடுத்துப்போவார். கல்யாண வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும் அதைத் திறந்துதான் குடிப்பார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்வார். இன்று ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து நானே போன் செய்து கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்.

அவருக்குப் பத்து வயது. பக்கத்து ஊர்க் கடை. கூரை விட்டத்தில் ஆணி அடித்து நாலு அலுமினிய டம்ளர் தனியாக மாட்டியிருக்கும். அதை எடுத்துக் கழுவி, தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். மேலேயிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டுத் திரும்பக் கழுவி மாட்ட வேண்டும். ஆயா ஒரு நாள் அவரோடு போயிருக்கிறாள். டம்ளரை எடுக்கப்போன மகன் கையைப் பிடித்து, "வா, வூட்ல வறுக்கறேன்" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வருடம் முடிச்சில் வந்தது தீரும்வரை தினமும் வறுத்தாளாம்.

"பேப்பர் கப்புல எல்லாருக்கும் ஒண்ணுதான இப்ப" என்றேன்.

"ஒண்ணுதான். ஆனா கை போகமாட்டேங்குது" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருக்கும் அரைக்கிலோ கொட்டையைப் பற்றிச் சொன்னேன். மூட்டைக்குப் போக வேண்டிய நல்ல கொட்டை, மிதந்தது இல்லை என்றேன். எந்த மலை, எப்படிக் காயவைத்தார்கள், தோல் உரித்தாயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மண்சட்டியை அம்மாவிடம் சொல்லிப் பரணிலிருந்து இறக்கச் சொல்கிறேன் என்றார். பால் வேண்டாம் என்றார்.

சென்னை பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. எதிரில் ஒரு மளிகைக் கடை. தருமபுரிப் பக்கத்து உருண்டை வெல்லம் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றார்கள். ஒரு கிலோ வாங்கியிருக்கிறேன்.